ஒழித்த அறை: ஆட்சி கவிழ்ந்ததையும் கூட இருந்தவர் குழி பறித்ததையும் மேடையில் காட்டுவது எப்படி?

#1 மூன்றாம்மணி

நாடகத்தின் கடைசிக் காட்சி ஓர் ஆட்சியாளரின் அலுவல் அறை. முதல் இரண்டு காட்சிகளில் சாமான் நிறைந்து கிடந்த அதே அறை, இப்போது துடைத்தெடுத்தாற்போல் காலி. வசனம் கிட்டத்தட்ட இல்லை. பதவி போன ஆள் உள்ளே வருகிறார், நிற்கிறார், அவ்வளவுதான்.

மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம். மூன்று பக்கச் சுவர், 12 அடி உயரம். காட்சி மாற்றத்துக்கு 90 வினாடி.

சிக்கல் என்னவென்றால், சாமானை எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு "வீடு மாத்துறாங்க போல" என்றுதான் படுகிறது. நூலாம்படையும் உடைந்த நாற்காலியும் போட்டால் பேய் வீடாகிவிடுகிறது. வீழ்ச்சி, துரோகம் இரண்டும் சுவரிலும் தரையிலும் தெரிய வேண்டும். வழி சொல்லுங்கள்.

#2 சுண்ணாம்பு

முதலில் நூலாம்படையைத் தூக்கிப் போடுங்கள். நூலாம்படை சொல்வது காலத்தை. இந்த அறை காலியாகி ஒரு நாள்கூட ஆகவில்லை. தமிழிலேயே வித்தியாசம் இருக்கிறது: பாழறை வேறு, ஒழிந்த அறை வேறு, ஒழித்த அறை வேறு. பாழறையில் யாரும் கவனிக்காத ஆண்டுகள் இருக்கின்றன. ஒழித்த அறையில் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்தக் கை.

அது தெரிய வேண்டுமானால் எடுத்த பொருளின் தடம் வேண்டும். படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் நிறம் மாறியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம் மாறும் என்பதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள்.

வண்ணத் தாளோ துணியோ ஒட்டிய சுவர் என்றால் வெளிச்சம் பட்டுச் சுற்றிலும் வெளுத்திருக்கும். படத்துக்குப் பின்னால் மட்டும் பழைய நிறம் அடர்த்தியாக நிற்கும். வெள்ளைச் சுவர், சுண்ணாம்புச் சுவர் என்றால் நேர்மாறு: சுற்றிலும் புகையும் அழுக்கும் படிந்து மங்கியிருக்கும், படம் இருந்த இடம் வெளிறித் தெரியும். இரண்டையும் ஒரே அறையில் கலந்தால் ஏன் என்று தெரியாமலே பார்ப்பவருக்குப் பொய்யாகப் படும்.

விளிம்பும் முக்கியம். பெரிய படம் கம்பியில் தொங்கும்போது மேல்பக்கம் சுவரை விட்டு முன்னால் சாய்ந்திருக்கும், கீழ்ச்சட்டம் சுவரைத் தொடும். ஆகவே தடத்தின் மேல் விளிம்பு கரைந்தாற்போல் இருக்கும், கீழ் விளிம்பு கத்தி வைத்தாற்போல் இருக்கும், கீழே இரண்டு மூலையிலும் சட்டம் உரசிய கீறல். ஆணி ஓட்டை தடத்துக்குள்ளேதான், மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தடத்துக்கு மேலே ஆணி அடித்து வைக்கும் செட்டுகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அந்தப் படம் எப்படித் தொங்கியது?

#3 மூன்றாம்மணி

சுவர் மங்கிய வெள்ளை. செய்முறை சொல்ல முடியுமா? 90 வினாடியில் தடத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் புரியவில்லை.

#4 சுண்ணாம்பு

கொண்டுவர வேண்டாம். தடம் முதல் காட்சியிலிருந்தே படத்துக்குப் பின்னால் இருக்கட்டும். படத்தை எடுத்தால் அது தானாக வெளியே வரும். நிஜ அறையிலும் அப்படித்தானே.

செய்முறை: பிளைவுட் தட்டிகளை நிறுத்தி, இணைப்புகளின் மேல் நான்கு அங்குல மல் துணிப் பட்டையைப் பசை தடவி ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு பக்கவிளக்கு விழும்போது ஒவ்வொரு இணைப்பும் கோடாகத் தெரியும். மேட் எமல்ஷன் இரண்டு கோட். ஒரு நாள் காயட்டும். அதன் மேல் அழுக்குப் பூச்சு: பழுப்பு அம்பர் (umber, மண் பழுப்பு) நிறத்தோடு கொஞ்சம் மஞ்சள் ஓக்கர் கலந்த பெயின்ட் ஒரு பங்கு, அக்ரிலிக் கிளேஸ் (அடிநிறம் தெரியும் நிறமற்ற பூச்சு) நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. பின்சுவர் 24 அடி, பக்கச்சுவர் பன்னிரண்டு பன்னிரண்டு என்று வைத்தால் 576 சதுர அடி வரும்; ஐந்து லிட்டர் கலவை போதும்.

பூசும் முன் ஒவ்வொரு படத்துக்கும் 12 மி.மீ. பிளைவுட்டில் ஓர் அச்சு வெட்டுங்கள். படத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. சிறியதாக இருக்கட்டும், அப்போதுதான் முதல் காட்சியில் படம் தடத்தை முழுக்க மூடும். அச்சின் மேல்பக்கத்துக்குப் பின்னால் ஒரு செ.மீ. கனத்தில் கட்டை வைத்து, கீழ்பக்கம் சுவரைத் தொடுமாறு மாட்டுங்கள். இரண்டடி தள்ளி நின்று, மேலிருந்து சாய்வாகக் கலவையை ஸ்பிரே செய்யுங்கள். மேல் விளிம்பு தானே கரையும், கீழ் விளிம்பு கூர்மையாக விழும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் நான்கு பக்கமும் ஒரே கூர்மை வந்து சுவரில் ஜன்னல் வரைந்தது போலிருக்கும்.

கெடுவது இங்கேதான்: கிளேஸ் காய்ந்தால் லேசாக மினுங்கும். அடியில் இருப்பது மேட். முன்னிருக்கையிலிருந்து பார்த்தால் நிறத்துக்கு முன்னால் அந்த மினுமினுப்புத்தான் கண்ணில் படும். எல்லாம் காய்ந்ததும் சுவர் முழுவதற்கும், தடத்தையும் சேர்த்து, மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.

#5 பக்கஒளி

சுண்ணாம்பு அண்ணன் சொன்ன அந்த மஞ்சள் ஓக்கரை விட்டுவிடாதீர்கள், விளக்குக்காரனுக்கு அதுதான் உயிர்.

முதல் இரண்டு காட்சிக்கு 3200 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெள்ளை), அதன் மேல் மெல்லிய ஆம்பர் (amber, தேன்மஞ்சள்) ஃபில்டர், முன்னாலிருந்து தாராளமாக. மஞ்சள் கலந்த அழுக்கு மஞ்சள் வெளிச்சத்தில் சுவரோடு சுவராகப் போய்விடும். அறை பணக்காரத்தனமாகத் தெரியும். கடைசிக் காட்சிக்கு முன்விளக்கை 20 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு 5600 கெல்வின் பக்கவிளக்கு. நீலம் கூடிய வெளிச்சத்தை அந்த மஞ்சள் விழுங்கிவிடுவதால் அழுக்கு கறுத்துத் தெரியும், தடங்கள் வெளியே குதிக்கும். பெயின்ட்டைத் தொடாமலே அதே சுவர் வேறு சுவராகிவிடும்.

பக்கவிளக்கின் கோணம் சுவரோடு 10 முதல் 15 டிகிரி. அதற்கு மேல் போனால் ஆணி ஓட்டைக்கும் கீறலுக்கும் நிழல் விழாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளை காட்டும் எல்.ஈ.டி.யை இதற்கு வைக்காதீர்கள். அம்பர் நிறம் அதில் செத்துப்போய்விடும். நிறக் காட்டல் எண் (CRI, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கும் வெள்ளை எல்.ஈ.டி. அல்லது நீல ஃபில்டர் போட்ட பழைய ஹாலோஜன் போதும்.

இன்னொன்று. திரைச்சீலையும் போய்விட்ட அறை முன்னைவிட வெளிச்சமாகத்தான் இருக்கும். சோகக் காட்சி என்றதும் இருட்டாக்குவது பழக்கதோஷம். ஜன்னல் மொட்டையாக நிற்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. வெளிச்சம் விழட்டும்.

#6 விங்ஸ்லநிக்கிறவன்

அதெல்லாம் சரி. ஒரு காலி நாற்காலியை நடுவுல போட்டு மேலேர்ந்து ஒரு ஸ்பாட் அடிச்சா வேலை முடிஞ்சுதே? எதுக்கு இவ்ளோ?

#7 மரச்சட்டம்

முடிந்துவிடும்தான், போஸ்டரில். நாற்காலியை விட்டுவைத்தால் "வந்து உட்கார்" என்று அடுத்தவரைக் கூப்பிடுகிறது. அதிகாரம் கை மாறுவதற்கு அது அடையாளம். இங்கே தேவை, இருந்த அதிகாரம் இல்லாமல் போனது. அதை நாற்காலியைவிடத் தரை நன்றாகச் சொல்லும்.

மனுவோடு வந்தவர்கள் வாசலிலிருந்து மேசை வரை நடந்த பாதை தரையில் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் மேசைக்கு ஆறடி முன்னாலேயே நின்றுவிடும், ஏனென்றால் யாரும் அதற்கு மேல் போகத் துணியவில்லை. அங்கே ஒரு வட்டம், காலை மாற்றி மாற்றி நின்றதால். பிறகு ஆறடிக்குப் பாலிஷ் குலையாத மரம். பிறகு மேசையின் நான்கு கால் பதிந்த குழி, அதற்குப் பின்னால் நாற்காலிச் சக்கரம் ஓடிய அரைவட்டம். மேசை இருந்தவரை இந்த வரைபடம் யாருக்கும் தெரியாது. எடுத்த பிறகு அந்த ஆறடிதான் அறையில் மிச்சமிருக்கும் ஒரே கம்பீரம். பழைய ஆள் உள்ளே வந்து அந்தத் தேய்ந்த வட்டத்தில், மனுக்காரர் நின்ற இடத்தில், தெரியாமல் நிற்கட்டும். வசனமே வேண்டாம்.

செய்வது: 12 மி.மீ. பிளைவுட் தரை, ஆறு அங்குலப் பலகை போல் கோடு கீறி, நிறமேற்றி, செமி-மேட் பாலியூரிதேன் இரண்டு கோட். பாதையில் 120 எண் உப்புத்தாளால் பாலிஷை மட்டும் எடுங்கள். நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு, இரண்டடி அகலம். அதன் மேல் அம்பர் கலந்த தண்ணீரைத் துணியால் தேய்த்து உடனே துடையுங்கள், தேய்ந்த ரேகைக்குள் மட்டும் அழுக்கு நிற்கும். கால் குழிக்கு இரண்டங்குல வட்டத்தில் மூன்று மி.மீ. ஆழம். ஆழம் கூடினால் நடிகர் கால் மடங்கும்.

பால்கனி இல்லாத அரங்கம் என்றால் இந்த உழைப்பு பாதி வீண்; கீழே உட்கார்ந்தவருக்குத் தரை தெரியாது. மேடையைப் பின்னாலிருந்து முன்னால் அடிக்கு அரை அங்குலம் சரித்தால் ஓரளவு தெரியும்.

#8 சுண்ணாம்பு

தரை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். சுவரில் பொருளுக்குப் பின்னால் சுத்தம். தரையில் பொருளுக்கு அடியில் அழுக்கு. பெருக்குகிறவர் அலமாரியைச் சுற்றித்தான் பெருக்குவார், அடியில் அல்ல. ஆகவே கனமான அலமாரியை நகர்த்தியதும் செவ்வகமாகத் தூசி, உருண்ட முடி, ஒரு பேனா மூடி. மேசை மேல் மறுபடி நேர்மாறு: பொருள் இருந்த வட்டம் சுத்தம், சுற்றிலும் மெல்லிய தூசி.

மேடையில் நிஜத் தூசி வேண்டாம். மூன்றாவது வரிசைக்கு மேல் தெரியாது, விளக்குச் சூட்டில் எழும்பிப் பாடுகிறவர் தொண்டையில் போய் உட்காரும். செட்டில் வழக்கமாகத் தூவும் ஃபுல்லர்ஸ் எர்த் மண்ணில் சிலிக்கா இருக்கலாம், முகமூடி இல்லாமல் அதைக் கையாளவே கூடாது. சாம்பல் நிறத்தைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

#9 பழையஏடு

சரித்திரத்தில் நடந்த ஒழிப்புகளைக் கொஞ்சம் பார்த்தால் உங்கள் வடிவமைப்புக்கு உதவும். எல்லா அறையும் ஒரே மாதிரி காலியாகவில்லை.

தில்லி செங்கோட்டையின் திவானிகாஸ் (மன்னரின் தனிச் சபை மண்டபம்) தவணை முறையில் காலியானது. 1739இல் நாதிர் ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனான். 1760இல் மராட்டியர் கூரையிலிருந்த வெள்ளித் தகட்டைப் பெயர்த்து உருக்கினார்கள். 1858இல் அதே மண்டபத்தில்தான் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். அவர் ஹுமாயூன் கல்லறையில் பிடிபட ஆங்கிலேயருக்கு உதவியவர்களில் மிர்சா இலாஹி பக்ஷ் அவருக்குச் சம்பந்தி முறை. இத்தனைக்குப் பிறகும் "பூமியில் சொர்க்கம் உண்டென்றால் அது இதுவே" என்ற பாரசீக வரி சுவரில் அப்படியே இருக்கிறது. பெயர்க்க முடிந்ததைப் பெயர்த்தார்கள். எழுத்தை உருக்கினால் காசு வராது.

ஸ்ரீரங்கப்பட்டணம், 1799 மே 4. திப்பு விழுந்த பிறகு அரியணையை முழுதாக யாரும் கொண்டுபோகவில்லை. வெற்றிப் பொருளைப் பங்கு பிரித்தவர்கள் அதை உடைத்துத் துண்டு போட்டார்கள். பெரிய புலித்தலையும் ஹுமா என்ற கற்பனைப் பறவையின் உருவமும் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டைக்குப் போயின, சிறிய புலித்தலைகள் ஆளுக்கொன்றாகச் சிதறின. திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்கின் பெயர் துரோகத்துக்கு மறுபெயராகவே நின்றுவிட்டது.

கண்டி வேறு மாதிரி. 1815 பிப்ரவரியில் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி, அவன் கொலுவிருந்த மண்டபத்திலேயே, அவனுடைய பிரதானிகளே ஒப்பந்தம் செய்து நாட்டை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள். மன்னன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். சிம்மாசனம் இங்கிலாந்து போய் 1934இல்தான் திரும்பியது. அந்த மண்டபத்தில் எதுவும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம்மணி கேட்பது மூன்றாவது வகை என்று நினைக்கிறேன்.

#10 மூன்றாம்மணி

ஆமாம், கண்டிதான். உடைக்காமல் கொடுத்துவிடுவது. இதைச் சுவரில் எப்படிக் காட்ட?

#11 மரச்சட்டம்

திருகாணியில் காட்டலாம்.

பகைவன் வந்து பிடுங்கினால் சுவர் பிய்ந்து வரும். பிளாஸ்டர் பெயர்ந்து, ஓட்டை கிழிந்து, கதவுப்பூட்டுப் பக்கத்தில் மரம் சிம்பு சிம்பாக நிற்கும். உள்ளாள் எடுத்தால் திருகாணியைக் கழற்றி எடுப்பான். அவனுக்கு அவசரமில்லை, காவலும் அவன் கையில். ஓட்டை வட்டம் கெடாமல் இருக்கும். பெட்டகம் திறந்திருக்கும், ஒரு கீறல் இருக்காது. கதவில் சாவி, அதுவும் வெளிப்பக்கம். கழற்றிய திருகாணிகளை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருப்பான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவனுக்கு அந்த வீட்டின் ஒழுங்கு கைப்பழக்கமாக இருக்கும். அந்த ஒழுங்குதான் பார்ப்பவருக்கு அடிவயிற்றைக் கலக்க வேண்டும்.

பிளைவுட்டில் துளை போட்டால் உள்ளே மரநிறம் தெரியும், சுவர் பொய் என்று காட்டிக் கொடுத்துவிடும். துளை வரும் இடத்தில் ஓரடிச் சதுரம் வெட்டி, பின்னால் கட்டை கொடுத்து, 12 மி.மீ. ஜிப்சம் பலகை பதித்து, மேலே பட்டி பூசுங்கள். அதில் எட்டு மி.மீ. துளை, உள்ளே பிளாஸ்டிக் பிளக். துளைக்குக் கீழே வெள்ளைப் பொடி ஒரு கோடாக வழிந்திருக்கட்டும், அரை அடிக்கு மேல் வேண்டாம். படத்தின் எடையை இந்தத் துளையில் ஏற்றாதீர்கள், ஜிப்சம் தாங்காது. நிஜமான மாட்டல் சட்டத்துக்குப் பின்னால் வேறு இடத்தில், தட்டியின் மரத்தில் இருக்க வேண்டும்.

#12 க்ளாப்போர்டு

சினிமாவில் இதற்கு நேரம் கிடைக்கும், திருகாணியைக் குளோசப்பில் காட்டிவிடலாம். மேடையில் ஜன்னல் திட்டுத் திருகாணியை ஐந்தாவது வரிசை பார்க்காது. சாவி, பெட்டகம் இரண்டும் தெரியும், ஆனால் அவை விளக்கம் சொல்வது போலிருக்கின்றன.

என் யோசனை வேறு: துரோகத்தைக் கடைசிக் காட்சியில் வைக்காதீர்கள். இரண்டாம் காட்சியில் வையுங்கள்.

முதல் காட்சியில் சுவரில் ஏழு படம். இரண்டாம் காட்சி தொடங்கும்போது ஆறு. ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஓரடி வெளிறிய தடம் ஒன்று ஏற்கெனவே தெரிகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அறை நிறைந்திருக்கிறது, ஆட்சி நடக்கிறது, உத்தரவுகள் பறக்கின்றன. பார்வையாளரில் பத்துப் பேர் கவனித்தால் போதும். கடைசிக் காட்சியில் எல்லாத் தடமும் தெரியும்போது, முதல் தடம் எப்போது வந்தது என்ற நினைவு அவர்களுக்குத் திரும்பும். அதாவது கவிழ்வதற்கு முன்பே யாரோ சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்கள். வெளியாள் இதைச் செய்ய முடியாது.

தடம் சற்று மஞ்சளித்து இருக்கட்டும், மற்றவற்றைவிட ஒரு நிழல் மங்கல். முன்னால் எடுத்ததல்லவா, கொஞ்சம் அழுக்கேறியிருக்கும்.

#13 பக்கஒளி

இதற்கு நான் அடிமை. ஆனால் இரண்டாம் காட்சியில் என் ஆம்பர் வெளிச்சம் அந்தத் தடத்தையும் மறைத்துவிடும். அதற்கு மட்டும் தனியாக ஒரு ப்ரொஃபைல் விளக்கு, ஷட்டரால் அந்த இடத்துக்கு நறுக்கி, 10 சதவீதத்தில் குளிர்ந்த வெள்ளை போடலாம். விளக்கு தெரியக்கூடாது, தடம் மட்டும் தெரிய வேண்டும். 15க்கு மேல் ஏற்றினால் "இதைப் பார்" என்று விரல் நீட்டுவது போலாகிவிடும்.

#14 விங்ஸ்லநிக்கிறவன்

சாமான் எடுக்கிறத மேடையிலயே காட்டுனா என்ன? முதல் காட்சில கைகட்டி நின்ன அதே ஆளுங்க, அதே சீருடைல, பேச்சில்லாம தூக்கிட்டுப் போகட்டும். 90 செகண்டும் மிச்சம், இருட்டும் வேணாம்.

#15 க்ளாப்போர்டு

இது நல்ல யோசனை, கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு தயக்கம்தான்: எல்லாவற்றையும் காட்டினால் கடைசியில் வரும் அறை அதிர்ச்சியாக இருக்காது. இருட்டில் முக்கால்வாசி போகட்டும். விளக்கு வரும்போது கடைசிப் பொருள் ஒன்று வெளியேறிக்கொண்டிருக்கட்டும், கம்பளம். இரண்டு பேர் சுருட்டித் தோளில் வைத்துப் போகிறார்கள், பதவி போனவரைக் கடந்து. ஒருவர் பழக்கத்தில் தலை வணங்கிவிட்டுத் தோள் சுமையோடு போகிறார்.

#16 மரச்சட்டம்

கம்பளம் என்றால் 12க்கு 9 அடி, கம்பளி, 25 கிலோவாவது இருக்கும். நீளவாக்கில் சுருட்டினால் கதவில் முட்டும். அகலவாக்கில் சுருட்டுங்கள், உருளை ஒன்பது அடி வரும், முன்னவர் வெளியேறித் திரும்ப இடம் வேண்டும். அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒட்டியிருந்தால் அது தரையோடு பிடித்துக்கொண்டு சுருட்டும்போது இழுக்கும். இரட்டைப் பக்க டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பாலிஷோடு பெயரும், நீங்கள் செய்து வைத்த தேய்மானமும் போகும்.

மாற்றத்துக்கு ஆறு பேர். யார் எந்தப் பொருள், எந்த வரிசை, எந்தக் கதவு என்று எழுதி விங்ஸில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) ஒட்டுங்கள். மேசையை இழுப்பறைகளோடு தூக்காதீர்கள். இழுப்பறை முகத்தை மட்டும் ஒட்டி, உள்ளே காலியாக, ஆறு மி.மீ. பிளைவுட்டில் செய்த மேசையை இருவர் தூக்கிவிடலாம். படங்கள் கண்ணாடி இல்லாமல்.

#17 எதிரொலி

யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. காலி அறையைக் காது முதலில் கண்டுபிடிக்கும், கண் பிறகுதான்.

கணக்கு எளிது. எதிரொலி அடங்கும் நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல் (பரப்பு × சராசரி உறிஞ்சல்). ஆறுக்கு ஐந்து மீட்டர், மூன்றரை மீட்டர் உயர அறையை எடுங்கள். கன அளவு 105 கன மீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 137 சதுர மீட்டர். கம்பளம், திரை, புத்தகம், சோபா இருக்கும்போது சராசரி உறிஞ்சல் 0.25 என்றால் அரை வினாடியில் சத்தம் அடங்கிவிடும். எல்லாம் போய்ச் சராசரி 0.06க்கு இறங்கினால் இரண்டு வினாடிக்கு மேல். குரல் அதேதான், ஆனால் உத்தரவிட்ட குரலை அறை இப்போது திருப்பி அவர் மீதே எறிகிறது.

சங்கடம், மேடைச் செட்டில் இது தானாக வராது. கூரை இல்லை, பிளைவுட் அதிர்ந்து கீழ்ச்சுருதியை விழுங்கிவிடும், எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். செயற்கையாகத்தான் தர வேண்டும். நடிகருக்குச் சிறு மைக், ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) 1.8 முதல் 2 வினாடி, அது தொடங்குமுன் விடும் முன்தாமதம் 15 மில்லி வினாடி, ஒலி செட்டுக்குப் பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் வரட்டும். அரங்கத்தின் முன் ஸ்பீக்கரில் விட்டால் கோயில் மணி மண்டபம் போலாகிவிடும். முதல் காட்சியிலேயே மைக் போட்டு ரிவெர்ப் இல்லாமல் விட்டுவையுங்கள், இல்லையென்றால் கடைசியில் குரலின் தன்மை திடீரென மாறியது உறுத்தும்.

நடை இன்னும் முக்கியம். மேடைப் பலகைக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் காலடி "டம் டம்" என்று பெட்டிச் சத்தம் போடும், ராஜகம்பீரம் போய்விடும். பலகைக்கு அடியில் பழைய கம்பளமோ கனிமக் கம்பளியோ திணியுங்கள். கம்பளம் போனபிறகு கேட்கும் முதல் காலடி, தோல் அடிச் செருப்பில். ரப்பர் அடி என்றால் அத்தனை உழைப்பும் ஊமை.

#18 பழையஏடு

ஒரு எதிர்மறை உதாரணம். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் குடும்பம் மலகன்யாங் அரண்மனையை விட்டு ஓடியது; பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் துணைத் தளபதியும் அதற்கு மூன்று நாள் முன்பே மார்க்கோஸைக் கைவிட்டிருந்தார்கள். அங்கே உலகம் பார்த்தது காலி அறையை அல்ல, விட்டுப்போன காலணிக் குவியலை. அவசரமாக ஓடியவர் அறை நிறைந்திருக்கும். ஏலம் விட்ட அறை காலியாக இருக்கும். 1793-94இல் வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் போயின. உங்கள் ஆள் ஓடவில்லை, திரும்பி வருகிறார். ஆகவே அவருடைய தனிப்பொருள் எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. கிடந்தால் ஓடிப்போன கதையாகிவிடும்.

#19 மூன்றாம்மணி

மிக்க நன்றி. அப்படியென்றால் ஒரு பொருளும் மிச்சமே வேண்டாமா? நடிகர் கைக்கு ஏதாவது வேண்டும் என்கிறார்.

#20 சுண்ணாம்பு

புதியவரின் படம் வேண்டுமானால் மாட்டலாம், பழைய ஆணியிலேயே. பழைய தடம் ஐந்தடிக்கு நான்கடி. புதுப் படம் மூன்றுக்கு இரண்டரை. சுற்றிலும் பழையவர் விளிம்பாக நிற்பார். ஆனால் இது கொஞ்சம் நக்கலாக இருக்கும். உங்கள் காட்சி நக்கலைத் தாங்குமா என்று பாருங்கள்.

#21 மரச்சட்டம்

கைக்கு வேண்டுமானால் அழைப்பு மணி. அது மேசைக்கு அடியில் பொருத்தியிருந்த பொத்தான். மேசை போய்விட்டது, தரையிலிருந்து இரண்டு வயர் மட்டும் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, நுனியில் செம்பு. பெயர்த்தவன் அதை அறுக்கக்கூட இல்லை. பொத்தானைத் திருகிக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

முதல் காட்சியிலும் இரண்டாவதிலும் சேர்த்து மூன்று தடவையாவது மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடிக்குள் அதே உதவியாளர் இடது கதவில் வந்து நிற்க வேண்டும். பார்வையாளரின் கண் தானாக அந்தக் கதவுக்குப் போகப் பழகிவிடும். கடைசியில் பதவி போனவர் குனிந்து இரண்டு நுனியையும் விரலால் சேர்க்கிறார். எங்கேயோ மணி அடிக்கிறது. எல்லாரும் இடது கதவைப் பார்ப்பார்கள்.

#22 மூன்றாம்மணி

நிஜ வயரா? மின்சாரம்?

#23 மரச்சட்டம்

எந்த மின்சாரமும் வேண்டாம், 12 வோல்ட்கூட. வெற்று வயர், மறுமுனை தரைக்கு அடியில் ஆணியில் சுற்றியிருக்கட்டும். உள்ளே ஒற்றைக் கம்பி இருக்கும் கனமான வயராக வாங்குங்கள், மெல்லிய பல இழை வயர் இரண்டாவது நாளே தொங்கிவிடும். முதல் இரண்டு காட்சியில் இது மேசைக் கால் குழாய்க்குள் மறைந்திருக்கும். மேசையைத் தூக்குகிறவர்கள் நேர்மேலே தூக்க வேண்டும், சாய்த்தால் வயர் வளைந்து தரையோடு படுத்துவிடும். இதை அந்த இருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள்.

#24 எதிரொலி

மணியை நடிகர் விரலோடு இணைக்க முயலாதீர்கள், செம்பு ஒருநாள் தொடும் ஒருநாள் தொடாது. மேடை மேலாளர் பார்த்து அடிக்கட்டும். பதிவு செய்த ஒலி வேண்டாம். இடது விங்ஸுக்குப் பின்னால், இரண்டு கதவு தள்ளி, நிஜ மணி. முதல் இரண்டு காட்சியில் உதவியாளர் வந்ததும் மணி நிற்கும். கடைசியில் நடிகர் விரலை எடுக்கும்வரை அடிக்கட்டும். நான்கு வினாடி போதும், ஆறு போனால் ஆள் பைத்தியமாகிவிட்டார் என்று படும். மின்மணி வேலை செய்யாவிட்டால் கையால் அடிக்க ஒரு மணி பக்கத்திலேயே இருக்கட்டும், அதே சுருதியில்.

#25 விங்ஸ்லநிக்கிறவன்

அந்த உதவியாளரா நடிக்கிறவரை அப்போ இடது விங்ஸ் பக்கம் நிக்க விடாதீங்க. மூணு தடவை பழகின காலு, மணி கேட்டா உள்ள வந்துரும்.